அஸ்திவாரம் தோண்டுமுன்...

அல்லாஹு தஆலா மனித குலத்துக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளை எடுத்துரைக்கும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-ஆவது வசனம், வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக அவன் ஆக்கித் தந்திருப்பதை நினைவூட்டுகின்றது. அமைதி என்னும் பொருள்பட அங்கே ஆளப்பட்டுள்ள சொல் 'ஸகன்' என்பதாகும். அரபு மொழியில் குடியிருப்பைக் குறிக்கும் 'மஸ்கன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. கல்லும் மண்ணும் சேர்ந்தால் கட்டடம் கிடைத்து விடும். ஸகன் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

சென்னையிலோ, வளைகுடா நாடுகளிலோ, சிங்கப்பூர், மலேசியாவிலோ பல்லாண்டுகள் பாடுபட்டுப் பொருளீட்டிய நம் சகோதரர்கள், பிறந்த கிராமத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பே. அந்த ஆசை எழுந்ததும் முதலில் அழைக்கப்படுபவர் கொத்தனார். அடுத்து, வரைபடம் போடும் பொறியாளர். தரைக்குப் பளிங்கா, கிரானைட்டா என்ற விவாதம் குடும்பத்தில் அன்றிரவே தொடங்கி விடுகின்றது. ஆனால் 'வானம் தோண்டுதல்' என்று கொத்தனார்கள் கூறும் அஸ்திவார வேலைக்கு முதல் மண்வெட்டி விழுமுன் முடித்தாக வேண்டிய காரியங்கள் சில உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை சிமெண்டைப் பற்றியவை அல்ல. பிறருடைய உரிமையைப் பற்றியவை. சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். பிறர் நிலத்தில் எழுந்து விட்ட வீட்டை என் செய்வது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்தபோது, பள்ளிவாசலுக்கெனத் தேர்ந்த இடம் பேரீச்சம் பழம் உலர்த்தும் ஒரு களமாக இருந்தது. அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் இருந்த அச்சிறுவர்கள், விலை வேண்டாம், நன்கொடையாகவே தருகிறோம் என்று முன்வந்தனர். கட்டப்படவிருந்ததோ அல்லாஹ்வின் இல்லம். கொடுப்போரோ மனமுவந்து கொடுத்தனர். இருந்தும் அண்ணலார் இனாமாகப் பெற இசையவில்லை. விலைக்கு வாங்கிய பின்னரே வேலையைத் தொடங்கினார்கள். தோழர்களோடு சேர்ந்து தாமும் கல் சுமந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் ஹிஜ்ரத் பற்றிய நீண்ட ஹதீஸில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. பள்ளிவாசலுக்கே இந்தப் பேணுதல் என்றால், நாம் உண்டு உறங்கப் போகும் வீட்டுக்கு எத்துணைப் பேணுதல் வேண்டும்!

நம்மில் பலர் வீடு கட்டத் தேர்ந்தெடுப்பது புதிதாக வாங்கிய மனையை அன்று. தகப்பனார் விட்டுச் சென்ற இடத்தைத்தான். பழைய ஓட்டு வீடும், கொல்லைப்புறமும், நாலைந்து தென்னைகளும் நிற்கும் அந்த இடத்தின் பட்டா இன்னும் தந்தையின் பெயரிலோ பாட்டனாரின் பெயரிலோ இருக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகன், இடம் சும்மாதானே கிடக்கிறது என்று கட்டத் தொடங்குவார். இங்கேதான் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. தந்தையின் மூச்சு அடங்கிய கணத்திலேயே அதற்கு உரிமையாளர்கள் ஏற்பட்டு விட்டனர். பங்கு பிரிக்காமல் வைத்திருப்பதால் எவருடைய பங்கும் மறைந்து போவதில்லை.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் 20 சென்ட் நிலத்தை விட்டு மரணமடைகின்றார். மனைவியும், இரு மகன்களும், ஒரு மகளும் இருக்கின்றனர். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகி விட்டனர். அடக்கச் செலவும், கடன்களும், வஸிய்யத்தும் முதலில் தீர்க்கப்பட வேண்டும். மனைவிக்குக் கொடுபடாத மஹர் இருந்தால் அதுவும் கடனே என்பதை மறந்து விடாதீர்கள். இவை எவையும் இல்லை எனக் கொண்டால், மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 2.5 சென்ட். எஞ்சிய 17.5 சென்டை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்தால், மகன்களுக்கு ஆளுக்கு 7 சென்ட், மகளுக்கு 3.5 சென்ட். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே மகளின் பங்கு 1,524 சதுர அடிக்கும் சற்று அதிகம். தங்கைக்கு என்ன பெரிதாக வந்து விடப் போகிறது என்று அண்ணன்மார் சொல்லும் அந்தத் துண்டு, முழுமையான ஒரு வீட்டுமனை!

அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆவது வசனம், விட்டுச் சென்ற சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்களுக்குப் பங்குண்டு என்று விதிக்கின்றது. 11, 12-ஆவது வசனங்கள் அப்பங்குகளை அளந்தே கூறுகின்றன. தொடரும் இரு வசனங்களில், இவை அல்லாஹ் வகுத்த வரம்புகள் என்ற அறிவிப்பும், மீறுவோருக்கு நரக எச்சரிக்கையும் உள்ளன. தொழுகையின் ரக்அத்துகளின் எண்ணிக்கையைக் கூட நாம் ஹதீஸிலிருந்துதான் அறிகின்றோம். மகளின் பங்கையோ திருமறையே கணக்கிட்டுத் தந்து விட்டது. நாட்டுச் சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. ஆகவே தமிழ்நாட்டில் வீட்டுமனைக்கும் வயலுக்கும் ஒரே பாகப்பிரிவினை விதிதான்.

திருமணத்தின்போது நகையும் சீரும் செய்து விட்டோமே என்பர் சிலர். தந்தை தம் வாழ்நாளில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அவருடைய மரணத்துக்குப் பின்னரே பிறக்கின்றது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க முடியாது. தங்கை கேட்கவே இல்லையே என்பர் வேறு சிலர். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டு விடுமோ என்ற அச்சத்தில் எத்தனை சகோதரிகள் வாய் திறவாமல் இருக்கின்றனர் என்பதை நாம் அறியோமா? பத்திரப் பதிவு அலுவலகத் தாழ்வாரத்தில் நிறுத்தி, இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா என்று வாங்கப்படும் விடுதலைப் பத்திரம் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். தன் பங்கு எவ்வளவு, அதன் இன்றைய விலை என்ன என்று தெரியாத ஒருத்தி விட்டுக் கொடுத்தாள் என்று சொல்வதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

செய்ய வேண்டியது கடினமானதன்று. வரைபடம் போடுமுன் தாயாரையும் சகோதரிகளையும், காலமாகி விட்ட சகோதரர் யாரேனும் இருந்தால் அவருடைய வாரிசுகளையும் அழையுங்கள். நிலம் அறிந்த இருவரைக் கொண்டு இன்றைய விலையை மதிப்பிடச் செய்யுங்கள். நிலமாக வேண்டுமா, பணமாக வேண்டுமா என்ற தேர்வு அவர்களுடையது. நிலமாகக் கேட்டால் தெருவிலிருந்து போக வர வழியுள்ள நிலமாகக் கொடுங்கள். முகப்பு முழுவதையும் உங்கள் வீடு பிடித்துக் கொண்ட பின் கொல்லை மூலையை அளந்து காட்டுவது பங்கீடு ஆகாது. பணமாகக் கேட்டால், அஸ்திவாரத்துக்குப் பணம் எடுத்து வைக்குமுன் அதைக் கொடுத்து விடுங்கள். சிறுவர்களின் பங்கை எவரும் அவர்களுக்காக விட்டுக் கொடுக்க முடியாது. அநாதைகளின் பொருளை உண்போர் வயிற்றில் நெருப்பை நிரப்புகின்றனர் என்ற திருமறை எச்சரிக்கை அதே அத்தியாயத்தில்தான் வருகின்றது. பின்னர் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, சர்வேயர் மூலம் உட்பிரிவு செய்து, தனிப் பட்டா பெற்றுக் கொள்ளுங்கள். வாய்மொழிப் பங்கீடு அண்ணன் தம்பி இருக்கும் வரை நிற்கும். அவர்களின் மக்கள் காலத்தில் வழக்காகி விடும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வழக்கம் வேறு. அங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வது மரபு. அவ்வாறு கொடுக்கும் தந்தைமார், பெயரளவில் எழுதி வைத்து விட்டுத் தாமே வைத்துக் கொள்ளாமல் உடைமையையும் ஒப்படைக்க வேண்டும். கைவசம் வராத வரை அன்பளிப்பு நிறைவேறுவதில்லை என்பது ஷாபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலை. பிள்ளைகளுக்கிடையே நீதி காக்குமாறு நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபிகளார் இட்ட கட்டளையும் நினைவிருக்கட்டும்.

புதிதாக மனை வாங்குவோர்க்கு வேறு கவலைகள். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய கிரயப் பத்திரம் வரை சங்கிலி அறாமல் இருக்கிறதா, 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பார்த்தாயிற்றா, விற்பவரின் சகோதரிகள் கையெழுத்திட்டுள்ளனரா என்று விசாரியுங்கள். அவருடைய தங்கையின் பங்கை விலைக்கு வாங்கினாலும் அது அவளுடைய பங்கே. கண்மாய், ஓடைப் புறம்போக்கு என்றால் விலை மலிவென்று மயங்க வேண்டாம். மழை தன் பழைய வழியை மறப்பதில்லை. நஞ்சை நிலமாயின் வீட்டுமனையாக மாற்ற முறையான அனுமதி தேவை. பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ வக்ஃபு செய்யப்பட்ட நிலமா என்பதை ஜமாஅத் பெரியவர்களிடமும் வக்ஃபு வாரியப் பதிவிலும் கேட்டறியுங்கள். வக்ஃபு செய்த நிலத்தை முத்தவல்லியே விற்றாலும் அது உங்களுடையதாகாது.

எல்லைக் கல்லைப் பற்றி ஒரு சொல். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக் கொண்டவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒரு சாண் என்பது ஒரு சுவரின் கனம்தான்! வேலியை நம்பிக் கட்டாதீர்கள். வேலி ஆண்டுக்கொரு முறை கட்டப்படும்போது இரண்டு விரற்கடை நகர்வது எல்லா ஊரிலும் நடப்பது. புலப்பட நகலை வைத்து, பக்கத்து நிலத்தாரையும் உடன் நிறுத்தி அளந்து கல் நடுங்கள்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். வட்டிக்கு வாங்கிக் கட்டிய வீட்டில் தஹஜ்ஜுத் தொழுவதை எண்ணிப் பாருங்கள். வட்டியை விடாதோர் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக அல்பகரா அத்தியாயத்தின் 279-ஆவது வசனம் கூறும் கடுமை, வேறு பாவங்களுக்குக் கூறப்படாத கடுமை. கிராமத்தில் வீடு கட்டுவோர்க்கு ஒரு வசதி உண்டு. வாடகை மிச்சப்படுத்தும் அவசரம் பெரும்பாலும் அங்கே இல்லை. ஆகவே கட்டம் கட்டமாகக் கட்டலாம். முதலாண்டு அஸ்திவாரமும் தரைமட்டமும், அடுத்து லிண்டல், அதன் பின் தளம் என்று நிறுத்தி நிறுத்திக் கட்டுவதற்கேற்பத் திட்டத்தை வகுக்குமாறு பொறியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மேலெழுந்து நிற்கும் கம்பிகள் துருப்பிடிக்காமல் மூடி வைக்கும் வழியை அவரே சொல்வார். மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் கால் பங்கு கையில் வைத்துக் கொண்டு இறங்குவதே விவேகம். மணலும் கம்பியும் விலை ஏறாத ஆண்டைப் பார்ப்பது அரிது. உறவினரிடம் கைமாற்று வாங்க நேர்ந்தால் எழுதிக் கொள்ளுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிக் கொள்வதைப் பற்றியதுதான். மச்சானிடம் எழுதி வாங்குவதா என்று கூசுவோர், பின்னர் மச்சானையே இழக்கின்றனர்.

வீட்டுக்கென்று சேர்த்து வரும் பணத்துக்கு ஜகாத் இல்லை என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக உண்டு. வங்கியில் இருக்கும் ரொக்கம் நிஸாப் அளவை எட்டி ஓராண்டு கடந்து விட்டால், அது எதற்காகச் சேர்க்கப்பட்டதாயினும், 2.5 சதவீதம் ஏழைகளின் உரிமை. செங்கல்லாகவும் கம்பியாகவும் வாங்கி மனையில் அடுக்கி விட்டால் அவற்றுக்கு ஜகாத் இல்லை.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்? விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என்று ஒரு ஹதீஸ் கூறுகின்றது. செலவிடும் எல்லாவற்றுக்கும் முஸ்லிமுக்கு நற்கூலி உண்டு, மண்ணில் போடுவதைத் தவிர என்று, சுவர் ஒன்றைக் கட்டிக் கொண்டிருந்த வேளையில் கப்பாப் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. தேவைக்கு மேற்பட்ட கட்டடத்தையே பின்னது குறிக்கும் என்பது உலமாக்களின் விளக்கம். விசாலம் வேறு, உயரம் வேறு என்பேன். நம் கடலோர ஊர்களில் மூன்று மாடி வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அல்லது முழங்கால் வலியோடு ஒரு தாய் மட்டும் கீழ்த்தளத்து அறையில் தனித்திருக்கின்றார். மகன்களும் மருமக்களும் ஈராண்டுக்கொரு முறை வந்து மாடியைத் திறந்து தூசி தட்டுவர். அம்மூதாட்டிக்குத் தேவை, படியில்லாத வாசலும், வழுக்காத தரையும், படுக்கையறையை ஒட்டியே ஒரு கழிவறையும். வரைபடத்தை அவரிடம் காட்டிக் கேட்டவர் எத்தனை பேர்?

வரைபடம் என்றதும் கிப்லா நினைவுக்கு வர வேண்டும். நம் நாட்டில் கிப்லா நேர் மேற்கு அன்று. சென்னையில் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகையும், காயல்பட்டினத்தில் சுமார் 24 பாகையும் சாய்ந்துள்ளது. மனையில் நின்றே இதை அறியலாம். ஆண்டுதோறும் மே 28-ஆம் தேதியளவில் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16-ஆம் தேதியளவில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். அப்போது நட்டு வைத்த கழியின் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. அதற்கேற்பத் தொழும் அறையை அமைத்துக் கொள்ளலாம். கழிவறையில் கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமரும்படி பீங்கானைப் பதிக்காதீர்கள். கட்டடத்துக்குள் அது அனுமதிக்கப்படும் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபில் அங்கும் கூடாது. ஷாம் நாட்டில் அவ்வாறு கட்டப்பட்டிருந்த கழிவறைகளில் அபூ அய்யூபுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் உடலைத் திருப்பி அமர்ந்து, பாவமன்னிப்பும் தேடி வந்தார்கள். வடக்குத் தெற்காகப் பதித்து விட்டால் எந்த மத்ஹபினரும் நிம்மதியாக இருக்கலாம். கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. காரை இறுகிய பின் மாற்றுவதானால் உண்டு.

குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் இடையே 60 அடியேனும் இருக்கட்டும். உங்கள் கிணற்றுக்கு மட்டுமன்று, அண்டை வீட்டுக் கிணற்றுக்கும். தெருவின் அகலம் பற்றிச் சச்சரவு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு நபிகளார் தீர்ப்பளித்தார்கள். அது சுமார் பத்தரை அடி. இன்று ஆம்புலன்ஸ் நுழையவும், சந்தூக்கைத் தோளில் ஏந்தி நால்வர் நடக்கவும் அந்த அகலம் வேண்டியிருக்கின்றது. அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்றும் அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அந்த அளவுக்கு அண்டையாரின் உரிமை பேசப்பட்ட மார்க்கத்தில், கூரைத் தண்ணீர் அடுத்தவர் முற்றத்தில் விழுவதும், நம் ஜன்னல் அவர்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் கொல்லையைப் பார்த்துத் திறப்பதும் எவ்வாறு பொருந்தும்? அண்டை வீட்டார் மாற்று மதத்தவராயினும் சட்டம் அதுவே. வரைபடத்தை அரசு அதிகாரிக்குக் காட்டுமுன் அவரிடம் ஒரு முறை காட்டுங்கள். அரசு அனுமதி இப்போது முன்னைப் போல் சிரமமில்லை; 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டு வந்தது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்.

கொத்தனாரிடம் கூலியை முதலிலேயே பேசி எழுதி விடுங்கள். சதுர அடிக்கு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது, இடையில் ஒரு சுவரை மாற்றச் சொன்னால் அதற்கு என்ன என்பன எல்லாம் அதில் இருக்கட்டும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸை மேடைகளில் கேட்டுச் சிலிர்க்கின்றோம். சனிக்கிழமை மாலை சித்தாள் பெண்கள் கூலிக்காகக் காத்து நிற்க, வங்கி விடுமுறை என்று கையை விரிப்பவரும் நம்மிடையேதான் உள்ளனர். வேலை வாங்கிக் கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் வழக்காடப் போவது அல்லாஹ்வே என்பதும் ஹதீஸில் உள்ள செய்தியாகும்.

நாள், நட்சத்திரம், ஸஃபர் மாதம் என்றெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆ ஓதுங்கள். பின் மழைக்காலத்தைப் பாருங்கள். தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குமுன் தளம் போட்டு விடலாம். அஸ்திவாரத்தில் ஆட்டு இரத்தம் சிந்தினால் வீடு நிலைக்கும் என்பது மார்க்கத்தில் இல்லாதது. ஆடு அறுக்க ஆசையுள்ளவர்கள் வீடு முடியும் வரை பொறுத்திருக்கலாம். குடிபுகும்போது அளிக்கும் விருந்துக்கு 'வகீரா' என்று பெயரிட்டு, விரும்பத்தக்க விருந்துகளுள் ஒன்றாக ஷாபிஈ சட்ட நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்த விருந்தின் முதல் பந்தியில் கொத்தனாரும், சித்தாள்களும், எல்லைக் கல் நடும்போது உடன் நின்ற அண்டை வீட்டாரும், தன் பங்கைப் பெற்றுக் கொண்ட தங்கையும் அமரட்டும்.